நேற்று என்ன வேலை பார்த்தீங்க?

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்காக வேலை வழிகாட்டி நாள் ஒன்று நடத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு துறைகளிலிருந்து ஆளுக்கு ஒருவர் வந்து பேச வேண்டும். கட்டுமானத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கட்டட அமைப்புப் பொறியாளர். தூண் எவ்வளவு தடிமன், பீம் எவ்வளவு ஆழம், உள்ளே எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டு டிராயிங் கொடுப்பது என் பிழைப்பு. 22 ஸ்லைடுகள் தயாரித்துக்கொண்டு போனேன். முதல் ஸ்லைடில் இரவு விளக்குகளோடு மின்னும் ஓர் உயரமான கட்டடம். கடைசி ஸ்லைடில் பாதி முடிந்த பாலத்தின் மேல் ஹெல்மெட்டோடு நிற்கும் நான். (அந்தப் பாலத்தில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது. நண்பர் ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் எடுத்த படம்.) 40 நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். பின்வரிசைப் பையன்கள்கூட போனைக் கீழே வைத்திருந்தார்கள்.

அப்புறம் கேள்வி நேரம். எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும், மேற்படிப்பு அவசியமா, சம்பளம் எப்படி என்று வழக்கமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் கைவசம் இருந்தது. கடைசியாக மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நேத்து ஆபீஸ்ல என்ன வேலை பார்த்தீங்க?"

ஒரு நொடி திணறினேன். பிறகு, டிசைன் ரிவ்யூ இருந்தது, டீமோடு சில முக்கியமான விவாதங்கள் இருந்தன, சவாலான நாள் என்றேன். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். அதுவரை நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், இதை மட்டும் எழுதவில்லை.

முந்தின நாள் நான் உண்மையில் பார்த்த வேலை ஒரு ஓட்டை. 600 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பீமுக்குக் குறுக்கே 200 மில்லிமீட்டர் குழாய் போக வேண்டும் என்று பிளம்பிங் டிராயிங்கில் இருந்தது. அதுவும் தூணுக்குப் பக்கத்திலேயே. பீமில் ஓட்டை போடலாம், தப்பில்லை. ஆனால் தூணுக்குப் பக்கத்தில் வெட்டுவிசை, அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை, அதிகம், அங்கே போடக்கூடாது. நடுப்பக்கம் தள்ளுங்கள் என்றேன். அங்கே ஏசி டக்ட் இருக்கிறது என்றார்கள். குழாயைப் பீமுக்குக் கீழே இறக்குங்கள் என்றேன். கூரை உயரம் குறையும் என்றார் ஆர்க்கிடெக்ட். கடைசியில் குழாய் சற்றே நகர்ந்தது, விட்டம் 150 ஆனது, நான் ஓட்டையைச் சுற்றிக் கூடுதல் ஸ்டிரப் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) கொடுத்துக் கணக்கைத் திரும்பப் போட்டேன். அதே ஓட்டை 11 மாடிகளில். 11 டிராயிங்கும் திருத்தி, நான்காவது ரிவிஷன் என்று எண் போட்டு அனுப்பியபோது மாலை ஏழு மணி. ஒரு முழு நாள் ஓர் ஓட்டைக்குப் போனது. இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்லைடில் இல்லாதது

சின்ன விஷயம். மறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எழுதாத நோட்டு என்னை விடவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விவாதம் இருந்தது, ரிவ்யூ இருந்தது. ஆனாலும் அவள் ஒரு நாளைக் கேட்டாள், நான் ஒரு விளம்பர வாசகத்தைக் கொடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால் அன்றைய 40 நிமிடமும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே கட்டடங்கள் மேல் ஒரு ஈர்ப்பு என்று ஆரம்பித்திருந்தேன். நிஜத்தில் அண்ணன் சிவில் படித்தான், அவன் புத்தகங்கள் வீட்டில் கிடந்தன, அதனால் நானும் சிவில். படிப்பு முடிந்தபோது எனக்கு முதலில் கிடைத்த வேலை இந்த டிசைன் வேலை. வேறொன்று முதலில் கிடைத்திருந்தால் அதைப் பற்றியும் இதே மேடையில் இதே ஈர்ப்போடு பேசியிருப்பேன். வந்து சேர்ந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் நடந்து வந்த தடமெல்லாம் நேர்க்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை மாணவர்கள் முன்னால் வரைந்து காட்டினால், தங்களிடம் அப்படி ஒரு கோடு இல்லையே என்று அவர்களுக்குப் பயம்தான் வரும். எனக்கும் இருக்கவில்லை என்பதைச் சொல்லியிருந்தாலே பாதிப் பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஜான் க்ரம்போல்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதில் நேர்மையானவர். மனிதர்கள் எப்படி வேலைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர், தான் உளவியலுக்கு வந்த கதையை மறைக்காமல் சொல்வார்: கல்லூரியில் முதன்மைப் பாடத்தை முடிவு செய்ய வேண்டிய கெடு நெருங்கியது, என்ன எடுப்பது என்று தெரியவில்லை, தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் கேட்டார், அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியராகவும் இருந்தார். அவ்வளவுதான். 1999-இல் அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் சேர்ந்து, தற்செயலைத் தவிர்க்கப் பார்க்காமல் அது வந்து மோதுவதற்கு வழி செய்து வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு கோட்பாடே எழுதினார்கள். நம் மேடைகளில் தற்செயலுக்கு ஒரு ஸ்லைடுகூட ஒதுக்குவதில்லை.

இந்த வழிகாட்டல் என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1908-இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் பாஸ்டனில் ஒரு தொழில் வழிகாட்டு மையம் தொடங்கினார். அதே வருடம் இறந்தும் போனார். அவருடைய புத்தகம் அடுத்த வருடம்தான் வந்தது. அவர் சொன்னது எளிமையானது. முதலில் உன்னைத் தெரிந்துகொள், இரண்டாவதாக வேலைகளைத் தெரிந்துகொள், மூன்றாவதாக இரண்டையும் பொருத்திப் பார். இதில் முதல் பகுதியை உலகம் இறுகப் பிடித்துக்கொண்டது. 1927-இல் எட்வர்ட் ஸ்ட்ராங் ஆர்வங்களை அளக்கும் கேள்வித்தாள் வெளியிட்டார். 1959-இல் ஜான் ஹாலண்ட் மனிதர்களையும் வேலைகளையும் ஒரே வகைப்பாட்டில் அடக்கும் கோட்பாட்டை முன்வைத்தார். இன்று இணையத்தில் நாம் நிரப்பும் எத்தனையோ தேர்வுகள் அவருடைய ஆறு வகைகளின் வாரிசுகள். நானும் இரண்டாம் ஆண்டில் ஒன்று எழுதினேன். 'ஆராயும் வகை' என்று வந்தது. சந்தோஷமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அந்தத் தேர்வுகள் வீண் என்று சொல்ல மாட்டேன், பேசத் தொடங்க நாலு வார்த்தை தருகின்றன. ஆனால் பார்சன்ஸ் சொன்ன இரண்டாவது பகுதி, அதாவது வேலையைத் தெரிந்துகொள்வது, மேடைப் பேச்சோடும் துண்டுப் பிரசுரத்தோடும் நின்றுவிட்டது. அதைச் செய்ய ஒரு கேள்வித்தாள் போதாது. யாராவது கதவைத் திறந்துவிட வேண்டும்.

விசிட்டர்

கல்லூரிக்குப் போய் வந்து இரண்டு வாரம் இருக்கும். அந்தப் பெண்ணே மெயில் அனுப்பினாள். சிவில் மூன்றாம் ஆண்டு. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல் மார்க், அதனால் டிசைனுக்குத்தான் போகப் போகிறாளாம். ஒரே ஒரு நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா, தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தாள்.

எங்கள் மனிதவளப் பிரிவில் கேட்டேன். இன்டர்னா என்றார்கள். இல்லை. நேர்காணலுக்கா? இல்லை. ப்ராஜெக்ட் வேலையா? அதுவும் இல்லை. பின்னே எதற்கு? பார்ப்பதற்கு என்றேன். பார்ப்பதற்கு என்று அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. நாலு நாள் இழுத்த பிறகு, சிமென்ட் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கொடுக்கும் விசிட்டர் அட்டையைக் கொடுத்து உள்ளே விட ஒப்புக்கொண்டார்கள். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. சரி.

அன்று காலை அவள் ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். நான் எதையும் மாற்றி வைக்கவில்லை. மாற்றி வைக்கத் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின இரவு, அவளுக்காக ஒரு சுவாரசியமான மாடலைத் திறந்து வைக்கலாமா என்று யோசித்தேன். மறுபடியும் ஸ்லைடு போடப் பார்க்கிறோம் என்று புரிந்ததும் விட்டுவிட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் மெயில். பத்திலிருந்து பதினொன்றரை வரை கம்பி அட்டவணையை டிராயிங்கோடு ஒத்துப் பார்த்தோம்: நான் டிராயிங்கைப் படிப்பேன், சக ஊழியர் அட்டவணையில் டிக் அடிப்பார். 16 மில்லிமீட்டர், 4 கம்பி, நீளம் இவ்வளவு. அடுத்தது. 12 மில்லிமீட்டர், 6 கம்பி. அடுத்தது. பிறகு ஒரு கூட்டம். கார் நிறுத்துமிடச் சரிவுப் பாதையில் தலைக்கு மேல் 75 மில்லிமீட்டர் இடம் குறைகிறது என்பதைப் பற்றி 50 நிமிடம் பேசினோம். முடிவு எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் ரிவிஷன் வேலை: மாறிய இடத்தையெல்லாம் மேகம் மாதிரி வளைகோடு போட்டுச் சுற்றி, ஓரத்தில் எண் எழுத வேண்டும். இரண்டு மணிக்கு அவள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள். கொட்டாவியை வாயை மூடியே விழுங்கினாள். மரியாதை தெரிந்த பெண்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு போன் வந்தது. சைட்டில் ஏற்கெனவே கம்பி கட்டி முடித்த இடத்தில் ஆர்க்கிடெக்ட் சுவரை நகர்த்தியிருந்தார். கட்டிய கம்பியைப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்ததாரரின் இன்ஜினியரும் ஆர்க்கிடெக்டும் போனிலேயே மோதிக்கொண்டார்கள். எனக்கு அன்று பிடிக்காத 20 நிமிடம் அதுதான். திரும்பிப் பார்த்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போனை வைத்ததும் கேள்விகள். சுவர் நகர்ந்தது எந்தத் தேதியில்? டிராயிங் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது எந்தத் தேதியில்? ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கும்? எழுதியில்லாவிட்டால் யார் தீர்ப்புச் சொல்வது? எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், காண்ட்ராக்ட்ஸ் பிரிவு என்று தனியாக உண்டு, பெரிய திட்டங்களில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை மட்டும் பார்க்கும் இன்ஜினியர்களே இருக்கிறார்கள் என்றேன். அதை எழுதிக்கொண்டாள். அன்று அவள் நோட்டை எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

நாலரை மணிக்கு கிளம்பும்போது கேட்டாள். "தினமும் இப்படித்தானா மேடம்?"

"பெரும்பாலும் இப்படித்தான்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எனக்கு இது சரிப்பட்டு வரும்னு தோணலை."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்

வாசல் வரை போய் வழியனுப்பினேன், சிரித்தேன், ஏதாவது வேண்டுமென்றால் எழுது என்றேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. 16 வருடமாக நான் செய்யும் வேலையை ஏழரை மணி நேரத்தில் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். பொறுமையில்லாத தலைமுறை என்று மனதுக்குள் ஒரு வசனம்கூட ஓடியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, இரவு எட்டு மணிக்கு மேல், ஆபீஸில் யாரும் இல்லை. நான் இன்னொரு ஓட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேறு பீம், வேறு குழாய். மூன்று பேரும் சம்மதிக்கிற மாதிரி ஓர் இடம் கிடைத்துவிட்டது. கணக்கும் சரியாக வந்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. உயரமான கட்டடமும் பாலமும் பிடித்ததால் அல்ல. இந்த ஓட்டையும், ஒத்துப் பார்க்கிற அட்டவணையும், யாரும் கவனிக்காத 75 மில்லிமீட்டரும் பிடித்திருப்பதால்தான் 16 வருடம் இருந்திருக்கிறேன். அவளைக் கொட்டாவி விட வைத்த அதே விஷயங்கள்.

அப்படியென்றால் அந்த மேடையில் நான் மறைத்தது எதை? எனக்கு உண்மையிலேயே பிடித்ததை. அந்த அரங்கில் 200 பேர் இருந்திருப்பார்கள். அதில் என்னைப் போன்ற ஆள் ஒன்றிரண்டு பேராவது இருந்திருக்க வேண்டும். மாலை முழுக்க ஒரே சிக்கலைப் பிடித்து உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிற ஆட்கள். ஓட்டைக் கதையைச் சொல்லியிருந்தால் அவர்கள் நிமிர்ந்திருப்பார்கள். மற்ற 198 பேரும் இது நமக்கு ஆகாது என்று அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். இரண்டுமே நல்ல காரியம். நானோ மின்னும் கட்டடத்தைக் காட்டி, எல்லோருக்கும் கொஞ்சம் ஆசையைக் கிளப்பிவிட்டு, யாருக்கும் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

அவளுக்கும் அன்று கிடைத்தது தோல்வி இல்லை என்று அதன் பிறகுதான் உறைத்தது. மார்க் நிறைய வரும் பாடமும், நாள் முழுக்கச் செய்யப் பிடிக்கும் வேலையும் ஒன்றுதான் என்று மூன்று வருடம் நம்பியிருந்தாள். இரண்டும் வேறு என்று விசிட்டர் அட்டை செலவில் தெரிந்துகொண்டாள். சிவில் என்ற ஒரே பட்டத்துக்குள் மண் பரிசோதனை இருக்கிறது, சைட் இருக்கிறது, நீரியல் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. இவை ஒன்றுக்கொன்று உறவு முறை என்றாலும் ஒரே குணம் கிடையாது. படிப்பைப் பிடிக்கவில்லை என்று சொல்கிற பல மாணவர்கள் அந்த வீட்டின் ஓர் அறையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். ஒரு நாளை வைத்து ஒரு தொழிலை எடை போடலாமா? எனக்கே முதல் வருடம் இந்த வேலை பிடிக்கவில்லை. கை பழகாத வேலை எதுவும் பிடிக்காது. கணக்கு தடுமாறாமல் வர ஆரம்பித்த பிறகுதான் ஓட்டையில் ருசி வந்தது. அதனால் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை ஒரே நாளில் முடிவு கட்டுவதை நான் நம்புவதில்லை. ஆனால் சலிப்பு நிறைந்த ஒரு நாளுக்குள் மனம் எங்கே தானாக நிமிர்ந்தது என்பதை நம்புகிறேன். அவளை யாரும் கேட்கச் சொல்லவில்லை. தேதிகளைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டாள். எந்த ஆர்வத் தேர்வும் அந்தக் கட்டத்தைப் போட்டிருக்காது, ஏனென்றால் அப்படி ஒரு வேலை இருப்பதே அன்று மதியம் வரை அவளுக்குத் தெரியாது.

யாரைக் கேட்பது

இந்த விவகாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. வேலைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 2009-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. பெண்கள் ஓர் ஆணை ஐந்து நிமிடம் சந்தித்துப் பேசப் போகிறார்கள். அந்தச் சந்திப்பு தங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். சிலருக்கு அந்த ஆணின் புகைப்படமும் விவரக் குறிப்பும் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, முன்னால் அவரைச் சந்தித்த, அறிமுகமே இல்லாத இன்னொரு பெண் அந்தச் சந்திப்புக்கு எத்தனை மதிப்பெண் போட்டாள் என்பதை மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டம்தான் நன்றாகக் கணித்தது. வேடிக்கை என்னவென்றால், புகைப்படமும் குறிப்பும்தான் அதிகம் உதவும் என்று பெரும்பாலோர் நினைத்தார்கள்.

வேலை விஷயத்திலும் நாம் புகைப்படத்தையும் குறிப்பையும்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் என்ற தளத்தில் 900-க்கும் மேற்பட்ட தொழில்களின் விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் என்னென்ன பணிகள், என்ன திறன் வேண்டும் என்று பட்டியல் இருக்கும். நல்ல தளம், போய்ப் பாருங்கள். ஆனால் அதில் நேற்று இல்லை. நேற்றை ஒரு ஆள்தான் சொல்ல முடியும், அதுவும் எந்த ஆள் என்பது முக்கியம். 25 வருட அனுபவசாலிகளை மேடையேற்றுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர்கள் இன்று பார்க்கும் வேலை, மாணவர் முதல் பத்து வருடம் பார்க்கப் போகும் வேலை அல்ல. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களைப் பிடியுங்கள். அவர்களுக்கு இன்னும் கதை சொல்லத் தெரியாது, எரிச்சல் ஆறியிருக்காது. உங்கள் வேலை எப்படி என்று கேட்டால் அவர்களும் என்னை மாதிரி மழுப்புவார்கள். இப்போது உங்கள் திரையில் என்னென்ன திறந்திருக்கிறது, கடைசியாக எதற்குக் கோபம் வந்தது, ஒரு நாளில் அதிகம் யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டால் மழுப்ப முடியாது.

முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் புரிகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களை, பாஸ்டனின் புறநகர் ஒன்றில் அவர் விசாரித்தார். தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உனக்கும் தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாத உலகம், ஒரே ஒருமுறை பேசிய சீனியரிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நான் அப்படிப்பட்ட ஆள்தானே? ஓர் அரங்கில் ஒரு கேள்வி, அவ்வளவுதான் அறிமுகம்.

இன்டர்ன்ஷிப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதுவும் மெல்ல மெல்ல நீண்ட நேர்காணலாக மாறிவிட்டது என்பது என் வருத்தம். எங்களிடம் வரும் இன்டர்ன்கள் இரண்டு மாதமும் முகத்தில் ஆர்வத்தைத் தேய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை கிடைக்குமா என்ற கேள்வி தலைக்கு மேல் தொங்கும்போது, இந்த வேலை எனக்கு வேண்டுமா என்று யார் யோசிப்பார்கள்? போதாக்குறைக்கு, உதவித்தொகை தராத இடங்களில் வீட்டில் வசதி இருப்பவர்கள் மட்டும்தான் உட்கார்ந்து பார்க்க முடியும்.

இதை ஒழுங்காகச் செய்ய முடியாது என்றும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இலேயே 27 பொறியியல் மாணவர்களோடு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்: கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் தொழிற்சாலை, மாற்றி மாற்றி. வகுப்பறையில் சொல்லித்தர முடியாத விஷயங்கள் எந்தத் தொழிலிலும் உண்டு என்பது அவர் கட்சி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கும்போதே இந்த முறையோடுதான் தொடங்கியது. அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி வரும். இதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கைதான். ஐந்தாறு தடவை வேலைக்குப் போகிற மாணவனுக்கு ஒரு தடவை சலித்துப்போனால் குடி முழுகிவிடாது. அடுத்த தவணை வேறு இடம். ஒரே ஒரு இன்டர்ன்ஷிப் மட்டும் கிடைக்கிறவனுக்கு அது பிடித்தே ஆக வேண்டியிருக்கிறது.

முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஓஃபர் மாலமுட் என்ற பொருளியலாளர் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒப்பிட்டார். இங்கிலாந்தில் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு வருடம் பல பாடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குத் தாவியவர்கள் இங்கிலாந்தில்தான் அதிகம். இதைப் படித்தபோது என் வகுப்பு நண்பர்களை எண்ணிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கல்லூரி இத்தனையும் செய்து தரும் வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. துறை ஆய்வகத்தில் மாதிரிகளை அடுக்கி வைக்க ஆள் தேடுவார்கள். மாணவர் விழாவுக்குக் கணக்கு எழுத எவனும் முன்வர மாட்டான். கல்லூரி இதழில் பிழை திருத்த எப்போதும் ஆள் பற்றாக்குறை. இவையெல்லாம் கௌரவம் இல்லாத வேலைகள், சான்றிதழ்கூட வராது. அதனாலேயே அங்கே யாரும் உங்களை எடை போடுவதில்லை, பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் விட்டுவிடலாம். என் வகுப்பில் விழாக் கணக்கு எழுதிய ஒருவன், ரசீதுகள் ஒத்துப்போகிற கணத்தில் கண் மின்னச் சிரிப்பான். நாங்கள் கிண்டல் செய்வோம். அவன் இன்று தணிக்கைத் துறையில் இருக்கிறான். அவன் சிரித்ததை அன்று எங்களில் ஒருவராவது மதித்துச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பெண் அதன் பிறகு ஒரே ஒரு தடவை எழுதினாள். ஒப்பந்தப் பிரிவில் யாரையாவது தெரியுமா மேடம் என்று. எனக்கு நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு கூட்டத்தில் எதிர்த்தரப்பில் உட்கார்ந்து என்னைப் படாதபாடு படுத்திய ஒருவரின் எண் இருந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு கொடுத்தேன். போனாளா, பிடித்ததா, தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் எனக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

போன வாரம் அதே கல்லூரியிலிருந்து மறுபடி அழைப்பு. ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். பீம் ஓட்டை டிராயிங்கின் ஒரு பக்கத்தை மட்டும், திட்டத்தின் பெயரை அழித்துவிட்டு, நான்காவது ரிவிஷன், மேகக் கோடுகள் எல்லாம் இருக்க அப்படியே அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பதில்: "மேடம், தவறான ஃபைல் அட்டாச் ஆகிவிட்டது போலிருக்கிறது. சரிபார்த்து மறுபடி அனுப்ப முடியுமா?"

சரிபார்த்தேன். அதே ஃபைலை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.